முதல் எழுத்து தடித்தது, கடைசி எழுத்து இளைத்தது: மண்டபம் கரையில் சி.என்.சி. பழகிய அனுபவம்

பட்டறை வாசலில் மாட்ட ஒரு பெயர்ப் பலகை செய்யலாம் என்று தொடங்கினோம். 'மரவேலைக் கூடம்', மொத்தம் எட்டு எழுத்து. பூவரசம் பலகை, 55 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம். கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே நகர்ந்து மரத்தைச் செதுக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் நாங்கள் உருப்படியாகச் செய்ய நினைத்த முதல் வேலை அதுதான். முக்கால் மணி நேரம் ஓடி முடிந்ததும் தூளைத் தட்டிவிட்டுப் பார்த்தோம். முதல் 'ம' நன்றாகத் தடித்து நின்றது. போகப் போக எழுத்துகள் மெலிந்து, கடைசி 'ம்' காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை மாதிரி இளைத்துப் போயிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் எட்டு எழுத்தும் ஒரே தடிமன். பலகையில் மட்டும் இப்படி. ஏன் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து நாள் ஆனது. இந்த இயந்திரத்தைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஐந்து நாளில் கற்றது.

நான் தச்சு வேலைக்காரன். உளியும் இழைப்புளியும் அப்பாவிடம் பழகியவை. கடலோர ஊரான மண்டபத்தில் ஒரு பள்ளியில் மரவேலை சொல்லிக் கொடுக்க வந்து சில வருடங்கள் ஆகின்றன. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த இயந்திரம் இது. மரத்தை வைக்க 60க்கு 40 செ.மீ. படுக்கை, வெட்டும் பிட்டைச் சுழற்ற 500 வாட் ஸ்பிண்டில், நிமிடத்துக்கு அதிகபட்சம் 12,000 சுற்று. வந்து இறங்கிய அன்று பள்ளியே கூடி நின்று பார்த்தது. அப்புறம் நான்கு மாதம் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு மரம் பழக்கமில்லை, மரம் தெரிந்த எனக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை. கடைசியில் கோடை விடுமுறையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரை முழுக்க வலை பழுதுபார்ப்பதும் படகுக்கு பெயின்ட் அடிப்பதுமாக இருக்கும். பழுது பார்க்கிற கைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் என்பதால், திருகைக் கழற்றவோ கிரீஸைத் தொடவோ யாருக்கும் தயக்கம் இல்லை.

இயந்திரம் எப்படி நகர்கிறது என்பதைக் கணக்காகச் சொன்னதும் பயம் பாதி போய்விட்டது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கிறது. மோட்டாரை ஓட்டும் டிரைவர் என்ற மின்சுற்று ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரிக்கிறது, ஆக 1,600. திருகுத் தண்டு ஒரு சுற்று சுற்றினால் 5 மி.மீ. நகரும். அப்படியானால் ஒரு மி.மீ. நகர 320 அடி. இந்த எண்ணைத்தான் இயந்திரத்தின் மூளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இயந்திரத்துக்குக் கட்டளை எழுதும் ஜி-கோட் என்பதும் இவ்வளவுதான்: 'ஜி0' என்றால் வெட்டாமல் வேகமாகப் போ, 'ஜி1' என்றால் சொன்ன வேகத்தில் வெட்டிக்கொண்டே போ, 'எம்3' என்றால் ஸ்பிண்டிலைச் சுற்று, 'எம்5' என்றால் நிறுத்து. ஒரு மாணவி அன்றே நோட்டில் பத்து வரி எழுதி, பிட் மாட்டாமல் காற்றில் ஒரு சதுரம் போட வைத்துவிட்டாள். காற்றில் ஓட்டிப் பார்ப்பதை இன்றுவரை நாங்கள் விடவில்லை. எந்தப் புது வேலையானாலும் முதலில் பலகைக்கு 20 மி.மீ. மேலே ஒரு ஓட்டம், அப்புறம்தான் மரத்தில்.

முதலில் மரம் கருகியது. பூவரசு கெட்டியான மரம், பயந்துபோய் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தேன். சுழற்சி 12,000, நகர்வு நிமிடத்துக்கு 300 மி.மீ., பிட்டில் இரண்டு பல். பட்டறை முழுக்கப் புகை நாற்றம், வெட்டின ஓரம் காபிக் கொட்டை நிறம். வெளியே வந்தது மாவு போல மெல்லிய தூள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இழைப்புளியில் கத்தி மழுங்கினால் சுருள் வராது, தூள்தான் வரும். மரத்தைச் சீவாமல் தேய்க்கிறது என்று அர்த்தம். இங்கேயும் அதேதான். 300-ஐ 24,000-ஆல் வகுத்தால் ஒரு பல் ஒரு கடிக்கு எடுப்பது 0.0125 மி.மீ. அவ்வளவு மெல்லியதை எந்தப் பல்லும் வெட்டாது, உரசிச் சூடேற்றும். சுழற்சியை 10,000 ஆகக் குறைத்து, நகர்வை 1,200 ஆக ஏற்றினோம். கடி 0.06 மி.மீ. ஆனது. அடுத்த நொடியே சத்தம் மாறியது. கீச்சென்ற அலறல் போய், ஒரே சீரான உறுமல். சின்னச் சின்னச் சீவல்கள் தெறித்தன, ஓரத்தில் பூவரசின் சொந்த நிறம் தெரிந்தது. மெதுவாகப் போனால் பத்திரம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு தடவையில் இறங்கும் ஆழத்தைக் குறையுங்கள், நகரும் வேகத்தைக் குறைக்காதீர்கள்.

தமிழ் எழுத்து தனியாக ஒரு நாளைத் தின்றது. செதுக்கும் மென்பொருளில் 'மரவேலை' என்று அடித்தால் 'வே', 'லை' இரண்டின் கொம்புகளும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. 'லை' இரண்டு துண்டாகப் பிரிந்து நின்றது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தோம். கோளாறு எழுத்துருவில் இல்லை, தமிழ் எழுத்து எப்படிச் சேர்கிறது என்பதே அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை. வழி எளிதாகவே இருந்தது. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் தட்டச்சு செய்து, அங்கேயே எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகக் கொண்டுவந்தால் அது வெறும் படம். யாராலும் கொம்பை இடம் மாற்ற முடியாது. இன்னொன்றும் கவனித்தோம். 'வே', 'லை' போன்றவற்றில் சின்னச் சுழிகள் இருக்கின்றன. சுழிக்குள் மிஞ்சும் மரம் ஒரு பயறு அளவுதான். மரத்தின் நார் ஓடும் ரேகைக்குக் குறுக்கே அது நின்றால் படக்கென்று பெயர்ந்துவிடும். முதல் சோதனையில் 'லை'யின் ஒரு சுழி அப்படித்தான் போனது. சுழி அகலமாக இருக்கிற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, உயரத்தை 4 செ.மீ.யிலிருந்து 6 செ.மீ. ஆக்கினோம். ஆங்கிலத்துக்கு ஒத்துவரும் அளவு தமிழுக்குப் போதாது.

இனி அந்தப் பலகைக்கு வருகிறேன்.

செதுக்கியது 60 பாகை வி-பிட்டில். இந்தப் பிட்டின் நுனி கூர், மேலே போகப் போக அகலம். எழுத்தின் கோடு அகலமாக வேண்டிய இடத்தில் ஆழமாக இறங்கும், மெலிய வேண்டிய இடத்தில் மேலே ஏறும். 6 மி.மீ. அகலக் கோட்டுக்கு 5.2 மி.மீ. ஆழம். ஆக, ஆழம் தவறினால் அகலமும் தவறும். ஒரு மி.மீ. ஆழம் குறைந்தால் கோடு 1.15 மி.மீ. மெலியும். அளந்து பார்த்தோம். முதல் 'ம'வின் மேலும் கீழும் கோட்டின் அகலம் சொன்னபடி 6 மி.மீ. கடைசி 'ம்'மில் மேலும் கீழும் 5.2, நடுவில் 4.6. அதைக் குறித்துக் கொண்டுவந்த பையன்தான் கேட்டான், "சார், கடைசிக்குப் போகப் போக மெலியுதுன்னா சரி. ஒரே எழுத்துல நடு மட்டும் ஏன் இன்னும் மெலியணும்?" அந்தக் கேள்வி இல்லாவிட்டால் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்தியிருப்போம்.

முதலில் பிட்டைச் சந்தேகப்பட்டேன். பிட்டைப் பிடித்து வைக்கும் காலெட் சரியாக இறுகாமல் பிட் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருந்தால், கடைசி எழுத்து மெலிந்திருக்கும். பிட்டின் தண்டில் மார்க்கரால் கோடு போட்டு, கழிவு மரத்தில் அரை மணி நேரம் ஓட்டினோம். கோடு அசையவில்லை. அடுத்து அடிக் கணக்கு. 300 மி.மீ. நகரச் சொல்லி எஃகு ஸ்கேலில் அளந்தால் 300. மேலும் கீழும் 10 மி.மீ. நகர்த்தி வெர்னியர் அளவுகோலில் பார்த்தால் 10. இயந்திரம் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. அப்படியானால் மரம்தான் சொன்ன இடத்தில் இல்லை.

பலகையை எடுத்துவிட்டு வெறும் படுக்கையில் இடது முன் மூலையில் பிட் நுனியை இறக்கினோம். நுனிக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு காகிதம்; இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, உயரத்தை மாற்றாமல் வலது மூலைக்குப் போனோம். காகிதம் தாராளமாக ஓடியது. இன்னொன்று வைத்தோம், இன்னொன்று. ஏழு காகிதம் கூடுதலாக அடுக்கிய பிறகுதான் பிடித்தது. சாதாரண ஏ4 காகிதம் ஒன்று சுமார் 0.1 மி.மீ. இருக்கும். படுக்கை வலது பக்கம் 0.7 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. 0.7-ஐ 1.15-ஆல் பெருக்கினால் 0.8. கடைசி எழுத்தின் ஓரங்கள் 6-லிருந்து 5.2 ஆனதற்குக் கணக்குச் சரியாக உட்கார்ந்தது. பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. காகிதத்தை எண்ணி ஒரு கோளாறைப் பிடிக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஏன் தாழ்ந்தது? உண்மையில் இடது பக்கம்தான் உயர்ந்திருந்தது. படுக்கை மேல் போட்டிருந்தது 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை. இடது ஓரம் ஜன்னலை ஒட்டி இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே கடல். எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது. அறுத்த ஓரத்தைப் பூசாமல் விட்டால் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். நான்கு மாதம் உப்புக்காற்றில் கிடந்த ஓரம் ஊதியிருந்தது.

நடு மெலிந்ததற்குக் காரணம் பலகை. செதுக்குவதற்கு முதல் நாள் மாலை நானே இழைத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, தரையில் படுக்கப் போட்டுவிட்டுப் போனேன். அன்று மாலை பட்டறையைக் கழுவி விட்டிருந்தார்கள். கீழ் முகம் ஈரத் தரையில், மேல் முகம் காற்றில். கீழ் முகம் ஈரத்தைக் குடித்து விரிய, இரண்டு ஓரமும் மேலே தூக்கிக்கொண்டன. மரம் நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு, ரேகைக்குக் குறுக்கேதான் விரியும், சுருங்கும். ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் நடுவில் அரை மி.மீ. வெளிச்சம் தெரிந்தது. ஓரத்தில் பூஜ்யம் வைத்தேன். நடு அரை மி.மீ. தாழ்ந்திருந்தது, அங்கே கோடு இன்னும் 0.6 மெலிந்தது. கையால் செதுக்கும்போது இதெல்லாம் தெரியவே தெரியாது. உளி மரத்தின் மேல் நடக்கிறது, மரம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஆழம் பிடிக்கிறது. இயந்திரம் மரத்தைப் பார்ப்பதில்லை. நாம் காட்டிய ஒரு பூஜ்யத்திலிருந்து அந்தரத்தில் அளந்துகொண்டு போகிறது.

சரி செய்ததைச் சொல்கிறேன். எம்.டி.எஃப். பலகையைக் கழற்றி, ஓரங்களில் மரப்பசையைத் தண்ணீர் விட்டு இளக்கி இரண்டு தடவை பூசிக் காயவிட்டோம். திருகுகளை 8 மி.மீ. ஆழத்துக்குப் புதைத்து மாட்டினோம், பிட் போகும் வழியில் இரும்பு இருக்கக் கூடாது. அப்புறம் 25 மி.மீ. அகல முகப்பு பிட் மாட்டி, ஒவ்வொரு தடவையும் 0.3 மி.மீ. இறக்கி, கோட்டுக்குக் கோடு 10 மி.மீ. நகர்த்தி, படுக்கை முழுவதையும் இயந்திரத்தைக்கொண்டே சீவினோம். மேடான பக்கம் வெட்டிக்கொண்டும் பள்ளமான பக்கம் காற்றில் ஓடிக்கொண்டும் இருந்த பிட், மூன்றாவது தடவையில் மூலைக்கு மூலை தொட்டது. கையால் தடவினால் கோட்டுக்குக் கோடு மெல்லிய படி தெரிந்தது. ஸ்பிண்டில் நேராக நிற்கவில்லை, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதன் தாங்கிக்குப் பின்னால் குளிர்பானக் குவளையின் தகரத்தை நறுக்கி ஒரு துண்டு கொடுத்து இறுக்கினோம். இரண்டாவது துண்டு அதிகமாகிவிட்டது, எடுத்துவிட்டோம். மறுபடி சீவியதும் படி தெரியவில்லை.

பலகைக்கு இப்போது விதி வேறு. வாங்கி வந்த மரத்தை நடுவில் குச்சி வைத்து அடுக்கி, இரண்டு முகத்திலும் காற்றுப் படும்படி குறைந்தது இரண்டு வாரம் பட்டறையிலேயே வைக்கிறோம். இழைப்பதும் செதுக்குவதும் ஒரே நாளில். இடையில் சாப்பிடப் போவதானால்கூடப் பலகையைத் தரையில் வைப்பதில்லை, சுவரில் சாய்த்து நிறுத்துகிறோம். இரண்டாவது 'மரவேலைக் கூடம்' பலகையில் ஏழு எழுத்தும் 6 மி.மீ. கடைசி 'ம்'மில் மட்டும் 5.9 காட்டியது. அதற்கு மேல் நான் தேடவில்லை.

உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றதையும், 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்ததையும் கண்ணால் பார்த்தவர்கள். மரத்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூளோடு விட்டுவிட்டுப் போனால் மூன்றே நாளில் தண்டில் செம்புள்ளி விழுகிறது. வேலை முடிந்ததும் தூளை உறிஞ்சி எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துணியால் பரப்புகிறோம். எண்ணெய் அதிகமானால் தூளோடு சேர்ந்து களிம்பாகிவிடும்.

மின்சாரம் போனால் இயந்திரம் தான் இருந்த இடத்தை மறந்துவிடும். இரண்டு பலகை அப்படிப் பாழானது. இப்போது படுக்கையின் இடது முன் மூலையில் வி-பிட்டால் ஒரு பொட்டு வைத்திருக்கிறோம். எல்லா வேலைக்கும் பூஜ்யம் அந்தப் பொட்டுதான். மின்சாரம் வந்ததும் நுனியைப் பொட்டுக்குக் கொண்டுவந்து, உயரத்தைக் காகிதம் வைத்துப் பிடித்து, விட்ட வரியிலிருந்து தொடர்கிறோம். ஸ்பிண்டில் கிளம்பும்போது யு.எஸ்.பி. இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது வேறு கதை. பிளக்கில் எர்த் கம்பியே இணைந்திருக்கவில்லை. எலக்ட்ரீசியன் வந்து சேர்த்துக் கொடுத்ததும் நின்றது. துப்பட்டாவையும் கூந்தலையும் முடிந்துகொள்வது, கண்ணாடி போடுவது, ஸ்பிண்டில் சுற்றும்போது கையுறை கூடவே கூடாது என்பது ஆகிய மூன்றையும் நான் தினமும் சொல்கிறேன், சலித்துக்கொண்டாலும் சொல்கிறேன்.

பெயர்ப் பலகை ஏறிய பிறகு, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டேன். பாம்பனிலிருந்து வரும் பையன் வலை பின்னும் ஊசி என்றான். வீட்டில் இப்போது எல்லாம் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் ஊசி. அவனுடைய தாத்தா மட்டும் மூங்கிலில் தானே சீவிய ஊசியை இன்னும் வைத்திருக்கிறார். அதைக் கேட்டு வாங்கி வந்தான். 18 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், முனை கூர், நடுவில் தங்கூசி என்கிற நைலான் நூலைச் சுற்றுவதற்கு ஒரு நாக்கு, அடியில் ஒரு பிளவு. வருடக்கணக்கில் கை பட்டுப் பட்டு மூங்கில் தேன் நிறத்தில் மின்னியது. ஸ்கேனரில் வைத்து நகலெடுத்து, அதன் மேல் கோடு வரைந்து எடுத்தோம்.

மரத்தைப் பிடித்து வைப்பதுதான் இதில் பெரும்பாடு. 4 மி.மீ. பூவரசுத் தகட்டைக் கிளாம்ப் போட்டால் வளைகிறது. படுக்கையில் ஒரு மாஸ்கிங் டேப், தகட்டின் அடியில் ஒரு மாஸ்கிங் டேப், இரண்டுக்கும் நடுவில் ஃபெவிக்விக். அசையவே இல்லை. வேலை முடிந்ததும் டேப்பை உரித்தால் மரத்தில் கறை இல்லை. 2 மி.மீ. பிட், ஒரு தடவைக்கு 0.5 மி.மீ. ஆழம். முதல் ஊசி அழகாக வந்தது; நாக்கை விரலால் தொட்டதும் ஒடிந்தது. தகட்டில் ரேகை லேசாகக் குறுக்கே ஓடியிருந்தது. மூங்கிலில் நார் முழுக்க நீளவாக்கில்தான் ஓடும், அதனால் தாத்தாவின் ஊசிக்கு அந்தக் கவலை இல்லை. ரேகை நேராக ஓடும் துண்டாகத் தேடி எடுத்து, படத்தை ரேகையோடு ஒட்டித் திருப்பி வைத்து மறுபடி வெட்டினோம். நாக்கு வளைந்து கொடுத்தது. உப்புத்தாளை விரலில் சுற்றி ஒவ்வோர் ஓரத்தையும் வழவழப்பாக்க ஒரு மணி நேரம் ஆனது. ஒரு சிராய் மிஞ்சினாலும் தங்கூசி மாட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை பையனோடு நானும் போனேன். தாத்தா ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். தங்கூசியைச் சுற்றி, மடியில் கிடந்த வலையில் ஆறேழு கண் போட்டார். நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம்.

"சார், வழுவழுன்னு நல்லாத்தான் இருக்கு," என்றார். "நாக்கு தடிச்சிருச்சு. நூல் நிறைய சுத்த முடியல, சின்னக் கண்ணுல இழுக்கும்போது இடிக்குது. அடிப் பிளவ இன்னும் ஒரு நெல்லு ஆழமா வைங்க."

பையன் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து அவருடைய பழைய ஊசியின் நாக்கை அளந்தான். 3.1 மி.மீ. எங்களுடையது 3.8. நோட்டில் குறித்துக்கொண்டான். அப்புறம் உள்ளே போய் ஒரு நெல்மணியை எடுத்து வந்து அதையும் அளந்தான்.